ஐந்தாம் நாளின் சிறு மீன்



வேதாகமத்தில் முதன்முதலாக ஆசீர்வாதம் பெற்ற உயிர்கள் எவை என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஆதாம், ஏவாள் என்றே பெரும்பாலும் பதில் வரும். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தின் 22-ஆம் வசனத்தை நிதானமாக வாசித்தால், மனிதன் உண்டாக்கப்படுவதற்கு முன்னரே, ஐந்தாம் நாளில், நீரில் வாழும் உயிர்களையும் பறவைகளையும் தேவன் ஆசீர்வதித்தார் என்பது விளங்கும். அந்த ஐந்தாம் நாளின் சிருஷ்டிப்பில் ஒன்று, விரல் நீளமே உள்ள சிறு கெளுத்தி மீன். இன்று நம்மில் பலருடைய வீட்டு மீன் தொட்டிகளில் அது இருக்கிறது. அதைப் பற்றியும், அதன் பெயரால் தவறாக வாங்கப்படும் வேறொரு மீனைப் பற்றியும் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

அத்திபெலே, சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகணி என்று தொழிற்பேட்டைகளை ஒட்டிக் குடியேறிய நம் குடும்பங்களின் வீடுகள் எப்படிப்பட்டவை என்பதை நாம் அறிவோம். ஒரே அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. சிலருக்கு ஷீட்டுக் கூரை. நாய் வளர்க்க வீட்டு உரிமையாளர் இசைவதில்லை. ஊரிலே கோழியும் ஆடும் மாடும் கண்டு வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகள், இங்கே எந்த உயிரையும் தம் கையால் பராமரித்து அறியாமல் வளர்கிறார்கள். ஆகவே பிள்ளை ஒருநாள் மீன் தொட்டி வேண்டும் என்று கேட்கும்போது மறுப்பதற்குப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் கடைக்குச் செல்கிறார்கள்.

கடையில் நடப்பதும் தெரிந்ததே. இரண்டு தங்கமீன், இரண்டு வண்ணமீன் எடுத்தபின், "சார், இதையும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், தொட்டியைத் தானாகவே சுத்தம் செய்துவிடும்" என்று கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு மீன் ஒன்றைக் கடைக்காரர் காட்டுவார். சக்கர் மீன், டேங்க் கிளீனர் என்றெல்லாம் அதற்குப் பெயர் உண்டு. அதுவும் கெளுத்தி இனமே. வாங்கும்போது அது சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். ஆனால் அது ஓர் அடிக்கு மேல் வளரக்கூடிய மீன் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஓர் ஆண்டுக்குள் அது தொட்டிக்குள் திரும்ப இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிடும். தொட்டியைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக மற்ற எல்லா மீன்களையும்விட அதிகமாகக் கழிவு விடும். அப்போது, கொல்ல மனமில்லாத நல்ல உள்ளத்தினர், அதை ஒரு வாளியில் இட்டுக்கொண்டு போய் அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறார்கள். பிழைத்துப் போகட்டும் என்னும் இரக்கமே அதற்குக் காரணம். அந்த இரக்கம் என்ன செய்கிறது என்பதைச் சற்றுப் பாருங்கள்.

தென் அமெரிக்காவுக்குச் சொந்தமான இந்த மீன், இப்படித் தொட்டிகளிலிருந்து விடப்பட்டே தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பரவியுள்ளது. 2020-ஆம் ஆண்டில் வாரணாசியில் கங்கையிலேயே அகப்பட்டது. கரைகளைக் குடைந்து வளை அமைத்து அதில் முட்டையிடும். அதன் முட்கள் வலையில் சிக்கி மீனவரின் வலையைக் கிழிக்கும். உண்பார் இல்லாததால் விலையும் இல்லை. நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். நம் நாட்டுக் கெண்டையும் குறவையும் குறைந்துபோன அழுக்கு நீரிலும் அது பெருகும். அழுக்கு நீருக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. நம் ஓசூர் சாலையிலேயே உள்ள சந்தாபுரா ஏரி பாழானதற்காக 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது நினைவிருக்கலாம்.

இன்னொன்றையும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். ஆனேக்கல் வட்டத்தின் இப்பகுதி ஏரிகள் பல, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் தென்பெண்ணையைச் சேர்கின்றன. கன்னடத்தில் தட்சிண பினாகினி என்று அழைக்கப்படும் அந்த ஆறு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கும், அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூருக்கும், முடிவில் கடலூருக்கும் செல்கிறது. ஆக, அத்திபெலேயில் வாளியிலிருந்து விடப்படும் மீனின் சந்ததி போய்ச் சேரும் இடம், நம்மில் அநேகருடைய பெற்றோர் இன்னும் பயிர் செய்துகொண்டும் வலை வீசிக்கொண்டும் இருக்கிற ஊர்களே. விடுமுறைக்குப் பேருந்தில் போகும் நமக்கு முன்பாக அந்த மீன் ஆற்றின் வழியே போய்விடும்.

ஆகவே சக்கர் மீனை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை எந்த ஏரியிலும் கால்வாயிலும் விட வேண்டாம். கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள்.

செதிள் இல்லாத மீன் தீட்டானதா?

கெளுத்தி என்றதும் நம் சபைகளில் சிலருக்கு எழும் ஐயம் இது. லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தில், துடுப்பும் செதிளும் உள்ள நீர்வாழ் உயிர்களையே இஸ்ரவேலர் புசிக்கலாம் என்று கட்டளையிடப்பட்டது. கெளுத்திக்குத் துடுப்பு உண்டு, செதிள் இல்லை. மத்தேயு 13-இல் கர்த்தர் சொன்ன வலையின் உவமையில், கரையில் உட்கார்ந்து ஆகாதவற்றை எறிந்துவிடுகிற மீனவர்கள் வருகிறார்கள் அல்லவா? அப்படி எறியப்பட்டவற்றில் கெளுத்தியும் இருந்திருக்கும் என்று வேத விளக்கவுரையாளர்கள் பலர் கருதுகின்றனர். கலிலேயாக் கடலில் இன்றும் பெரிய கெளுத்தி இனம் ஒன்று உண்டு. நம் நாட்டில் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று சொல்லப்படுவதும் அதுவே. கையில் அகப்பட்ட மீனையெல்லாம் விழுங்கி நாட்டு மீன்களை அழிக்கும் என்பதால் 2000-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் அதன் வளர்ப்பு தடை செய்யப்பட்டது.

ஆனால் அந்தக் கட்டளை புசிப்பதைப் பற்றியது, பராமரிப்பதைப் பற்றியதன்று. புசிப்பதைக் குறித்தும், அப்போஸ்தலர் 10-இல் பேதுரு கண்ட தரிசனத்துக்குப் பின் நாம் இந்த நுகத்தின்கீழ் இல்லை. காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து வந்த விசுவாசிகள் கெளுத்திக் குழம்புக்கு எவ்வளவு ஏங்குவார்கள் என்பதை அறிந்தவர்கள் இதை அதிகம் விவாதிக்க மாட்டார்கள்.

மற்றொரு தயக்கம் இதைவிடப் பலமானது. மீன் தொட்டி வைத்தால் அதிர்ஷ்டம் வரும், எட்டு மீனோடு ஒரு கறுப்பு மீன் சேர்க்க வேண்டும், மீன் இறந்தால் வீட்டுக்கு வர இருந்த கேடு அதன்மேல் போயிற்று என்றெல்லாம் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். 'வாஸ்து மீன்' என்றே பெயரிட்டு விற்கும் கடைகளும் உண்டு. இதனால் நம் விசுவாசிகளில் சிலர் தொட்டியே வேண்டாம் என்று ஒதுங்குகின்றனர். அவர்கள் மனச்சாட்சியை மதிக்கிறோம். எனினும், மனிதர் கட்டிய கதைக்கு மீன் பொறுப்பல்ல என்பதே நம் எண்ணம். எண்ணிக்கைக்காகவும் திசைக்காகவும் வாங்காதீர்கள், அவ்வளவே. மீன் இறந்தால் கேடு விலகிற்று என்று நிம்மதி அடைகிறவர், அது ஏன் இறந்தது என்று தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை. அதுதான் அந்த நம்பிக்கையின் மெய்யான கேடு. அடுத்த மீனும் அதே தண்ணீரில் இறக்கும்.

தலைச்சீரா அணிந்த மீன்

வாங்கத் தகுந்த சிறு கெளுத்திக்குக் கடைகளில் கோரி என்று பெயர். நூல்களில் கோரிடோராஸ். கிரேக்க மொழியில் தலைச்சீரா, தோல் என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. இதற்குச் செதிளுக்குப் பதிலாக உடலின் இருபுறமும் எலும்புத் தகடுகள் ஈரிரண்டு வரிசையாகக் கவசம்போல் அடுக்கப்பட்டுள்ளன. எபேசியர் 6-ஐ மனப்பாடம் செய்கிற ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அந்த அதிகாரம் மறக்காது.

நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு: வெண்கல நிறக் கோரியும், கரும்புள்ளிகள் நிறைந்த மிளகுக் கோரியும். வெள்ளை உடலும் சிவந்த கண்ணும் உள்ளவை வேறு இனம் அல்ல. இவற்றின் நிறமற்ற வகையே. பச்சை, இளஞ்சிவப்பு என்று இயற்கையில் இல்லாத நிறத்தில் கோரியைக் கண்டால் வாங்காமல் விடுங்கள். சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. அந்த மீன்கள் நெடுநாள் இருப்பதில்லை. சென்னை கொளத்தூரைச் சுற்றி வண்ணமீன் வளர்ப்பு நெடுங்காலமாக நடந்து வருகிறது. தென்னிந்தியக் கடைகளுக்குப் பெரும்பகுதி மீன்கள் அங்கிருந்தே செல்கின்றன. அதனால் உங்கள் தொட்டிக்கு வரும் கோரியும் அமேசானைக் காணாமல், தமிழ்நாட்டுச் சிமென்டுத் தொட்டியிலேயே பிறந்ததாக இருக்கலாம். நம்மைப் போலவே அதுவும் ஓசூர் சோதனைச் சாவடியைக் கடந்து பிழைக்க வந்ததே.

மிளகுக் கோரியை முதலில் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர் சார்ல்ஸ் டார்வின். முகம் சுளிக்க வேண்டாம். பீகிள் கப்பலில் அவர் சேர்த்த மீன்களை ஆராய்ந்து 1842-இல் இதை விவரித்து எழுதிய லெனார்டு ஜெனின்ஸ், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1878-இல் பாரிஸ் நகரில் இது தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டது. 2024-இல் விஞ்ஞானிகள் கோரிடோராஸ் என்ற பேரினத்தையே பலவாகப் பிரித்துவிட்டதால், வெண்கலக் கோரி இப்போது ஓஸ்டியோகாஸ்டர் என்றும், மிளகுக் கோரி ஹோப்லிசோமா என்றும் நூல்களில் இடம்பெறுகின்றன. கடைக்காரரிடம் இப்பெயர்களைச் சொன்னால் விழிப்பார்; கோரி என்றே கேளுங்கள். ஆதாம் பெயரிட்ட உயிர்களின் பட்டியலில் மிருகங்களும் பறவைகளும் சொல்லப்பட்டிருக்க, மீன்கள் சொல்லப்படவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மீனுக்குப் பெயரிடும் வேலை இன்னும் முடியவில்லை போலும்!

வெண்கலக் கோரியும் மிளகுக் கோரியும் முழுதாய் வளர்ந்தாலும் ஏறத்தாழ 6 அல்லது 7 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. நன்றாகப் பராமரித்தால் ஐந்து ஆண்டுகள் எளிதாக வாழும். பத்தாண்டுகள் வாழ்ந்தவையும் உண்டு. அதாவது, இரண்டாம் வகுப்பில் வாங்கிய மீன் உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும்போதும் இருக்கலாம். வாங்குமுன் இதை எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் குளத்துக் கெளுத்தியையே தொட்டியில் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பிடித்தவுடன் கீச்சென்று ஒலி எழுப்பும் அந்த மீனின் முள் குத்தியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அது அழகான மீனே. ஆனால் இருட்டியபின் வேட்டையாடும். சிறு மீன்கள் உள்ள தொட்டியில் காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும். சிறிய வீட்டின் சிறிய தொட்டிக்கு அது பொருந்தாது.

தனியாய் இருப்பது நல்லதல்ல

கோரியை ஒன்றாக வாங்காதீர்கள். ஆற்றில் கூட்டமாய் வாழும் இம்மீன், தொட்டியில் தனியே விடப்பட்டால் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பெரும்பாலான வீடுகளில் அது அப்படித்தான் கிடக்கிறது. ஒரே இனத்தில் ஆறு வாங்கினால் அவை வரிசையாகத் தரையைத் துழாவிக்கொண்டும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டும் இருப்பதைக் காணலாம். ஊரிலிருந்து தனியே வந்து, முதல் ஆண்டில் யாரும் பேசுவாரின்றி அறையில் முடங்கிக் கிடந்து, பின்பு ஒரு சபையைக் கண்டடைந்த நம் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆறு கோரிகளுக்கு இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள தொட்டி போதும். அதில் ஏறத்தாழ 54 லிட்டர் நீர் கொள்ளும். மணலும் கண்ணாடியும் சேர்ந்து 70 கிலோவுக்குக் குறையாத பாரம் இருக்கும். பிளாஸ்டிக் மேசைமேல் வைக்க வேண்டாம். உடன் விடத் தகுந்தவை ஜீப்ரா மீன், பிளாட்டி போன்ற சாதுவான சிறு மீன்கள், ஏழெட்டு. தங்கமீன் பெரிதாய் வளர்ந்து நீரைக் கெடுக்கும். ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர் போன்றவை கோரியை விழுங்க முயலும். கோரி தன் துடுப்பு முட்களை விறைப்பாக நிறுத்திக்கொள்ள, அது தொண்டையில் சிக்கி இரண்டும் இறக்கும். அந்த முட்களின் காரணமாகவே கோரியை வலையால் பிடிக்கக் கூடாது, வலையில் மாட்டிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து அதற்குள் ஓட்டிப் பிடிக்க வேண்டும். கையில் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் விரலை வைத்தால் வலி தணியும். வீக்கம் குறையாவிட்டால் மருத்துவரைக் காணுங்கள்.

தரைக்கு மணல் வேண்டும். கோரி தன் மீசைகளால் தரையைத் துழாவி, மணலை வாயில் எடுத்து, இரையை வடித்துக்கொண்டு, செவுள் வழியே மணலை வெளியேற்றும். கூரான சரளைக் கற்களின்மேல் வைத்தால் அந்த மீசை தேய்ந்து, புண்ணாகி, இரை தேட முடியாமல் மெலிந்துபோகும். இங்கே நம் தெருவெங்கும் கட்டட வேலைக்குக் குவித்திருப்பது எம்-சாண்ட். பாறையை உடைத்துச் செய்த அதன் துகள்கள் கூரானவை, எனவே ஆகாது. ஆற்று மணலோ, கடையில் தொட்டிக்கென்று விற்கும் உருண்டைத் துகள் மணலோ வாங்கி, நீர் தெளியும்வரை பலமுறை கழுவி, இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள்.

அடுத்தது தண்ணீர். பெரும்பாலான மீன்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் இறப்பதற்குக் காரணம் நோயன்று. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆனால் அந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவது, கூரை போடாத வீட்டில் குடியேறுவதற்கு ஒப்பாகும். முதலில் தொட்டியை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஒரு மாதம் காத்திருங்கள். பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். பொறுக்கக் கற்றுக்கொள்வதும் இதில் ஒரு பங்கு என்று நினைக்கிறோம். உங்கள் சபையில் எவருக்கேனும் பழைய தொட்டி இருந்தால், அவர்கள் வடிகட்டியின் பஞ்சில் ஒரு துண்டை ஈரத்தோடு வாங்கிவந்து போட்டால் காலம் வெகுவாகக் குறையும்.

அத்திபெலேயில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர், இல்லையேல் டேங்கர் நீர். கிணற்று நீர் கடினமானது. வாளியில் வெள்ளைப் படிவு படிகிறதே, அதுதான். கோரிகள் இதைத் தாங்கும், ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ வாங்கி ஊற்றிச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் மோட்டாரிலிருந்து நேரே வரும் ஆழ்துளை நீரில் ஆக்சிஜன் குறைவு. டேங்கர் நீரில் குளோரின் கலந்திருக்கலாம். எனவே ஒருநாள் வாளியில் திறந்து வைத்து, கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பு மருந்தைச் சொன்ன அளவில் கலந்து பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிதாய் ஊற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் நல்ல நுண்ணுயிர்களும் அழியும். எடுத்த தொட்டி நீரிலேயே பிழிந்து விடுங்கள்.

பஞ்சு வடிகட்டிக்குக் காற்றுப் பம்பு ஒன்று போதும். 5 வாட் பம்பு மாதம் முழுவதும் இரவு பகல் ஓடினாலும் 3.6 யூனிட் மின்சாரமே ஆகும். மின்சாரம் நிற்கும்போது நீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்பைக் கெடுக்காதபடி, பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கோரி அவ்வப்போது விருட்டென்று மேலே சென்று ஒரு வாய்க் காற்றை விழுங்கித் திரும்பும். குடலின் வழியே அந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இடைவிடாமல் மேலேயே வந்துகொண்டிருந்தால் மட்டும் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அறிந்து பாதி நீரை மாற்றுங்கள்.

சென்னையிலும் திருநெல்வேலியிலும் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இங்கே மறந்துவிடுவது குளிர். நாம் இருப்பது கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 பாகைக்கும் இறங்கும். மிளகுக் கோரி, தெற்குப் பிரேசில், உருகுவே போன்ற குளிர்ந்த பகுதிகளுக்கு உரியது. நம் வானிலை அதற்கு இதமானது. வெண்கலக் கோரிக்கு அம்மாதங்களில் சிறிய ஹீட்டர் ஒன்று வைப்பது நல்லது. ஆனால் ஷீட்டுக் கூரை வீடென்றால் கணக்கு மாறும். ஏப்ரல் மதியத்தில் அந்த வீட்டுத் தொட்டி நீர் 28 பாகையைத் தாண்டும். மிளகுக் கோரி வாடிப்போகும். அத்தகைய வீட்டுக்கு வெண்கலக் கோரியே தகும். எந்த வீட்டிலும் சன்னல் ஓரத்து வெயிலில் தொட்டியை வைக்காதீர்கள்.

தீனியில் ஒரு தவறான எண்ணம் ஊன்றியிருக்கிறது. கீழே விழும் மிச்சத்தைத் தின்று கோரி பிழைத்துக்கொள்ளும், மற்ற மீன்களின் கழிவையும் தின்னும் என்பார்கள். எந்த மீனும் கழிவைத் தின்று வாழாது. மேலே நீந்தும் மீன்கள் தின்றது போக மிச்சமே இல்லாமல், பட்டினியால் மெலிந்து இறக்கும் கோரிகள் ஏராளம். லாசரு துணிக்கைகளால் பசியாற்ற விரும்பிய கதைபோல் ஆகும். மூழ்கும் குருணைத் தீனியை, இரவு விளக்கை அணைக்குமுன் தனியே போடுங்கள். வேகவைத்து மசித்த பச்சைப் பட்டாணியும் அவ்வப்போது கொடுக்கலாம். வாரத்தில் ஒருநாள் தீனி இல்லாமல் விட்டால் மீனுக்குத் தீங்கில்லை. உங்கள் உபவாச நாளையே அதற்கும் வைத்துக்கொள்ளலாம். கன்வென்ஷனுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஊருக்குப் போனால், வளர்ந்த ஆரோக்கியமான கோரி ஒருவாரம் பசி தாங்கும். பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதே ஆபத்து. அன்பு மிகுதியால் ஒரே நாளில் பாதி டப்பாவைக் கொட்டிவிடுவார்கள்.

மீன் சோர்ந்தால் ஒரு பிடி கல்லுப்புப் போடுவது நம்மிடையே பழைய வழக்கம். மற்ற மீன்களுக்கு உதவினாலும் கோரிக்கு அது ஆகாது. செதிளற்ற இம்மீன்கள் உப்பையும் செம்பு கலந்த மருந்துகளையும் தாங்குவது குறைவு. முதல் மருந்து நீர் மாற்றமே. அதற்குப் பின்பும் ஒரு மீன் இறந்துபோனால் பிள்ளைகள் அழுவார்கள். உடனே கடைக்குப் போய் அதேபோல் இன்னொன்றை வாங்கிப் போட்டு மறைக்காதீர்கள். அடைக்கலான் குருவி ஒன்றும் பிதாவின் சித்தமின்றி விழுவதில்லை என்று மத்தேயு 10-இல் கர்த்தர் சொன்னதை அந்த நேரத்தில் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கலாம். அதன்பின் தண்ணீரையும் சேர்ந்தே சோதியுங்கள்.

எல்லாம் ஒழுங்காய் நடந்தால், கோடையின் இறுதியில், முதல் மழை பெய்து வானிலை குளிரும் நாட்களில், நீங்கள் சற்றுக் குளிர்ந்த நீரை மாற்றிய மறுநாள், தொட்டியின் கண்ணாடியில் கடுகளவு வெண்மையான முத்துகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். மழைக்காலம் வந்துவிட்டதென்று எண்ணிக் கோரிகள் இட்ட முட்டைகள் அவை. பெண் மீன் தன் வயிற்றுத் துடுப்புகளைக் குவித்து, சில முட்டைகளை அதற்குள் ஏந்திக்கொண்டு, ஏற்ற இடம் தேடிப் பலமுறை சுற்றி, கண்ணாடியை வாயால் துடைத்துவிட்டு ஒட்டும். இதைக் கண்ட பிள்ளை அன்று தொலைக்காட்சியை நாடாது. பெற்ற மீன்களே முட்டையைத் தின்றுவிடும் என்பதால், விரல் நுனியால் மெதுவாய் உருட்டி எடுத்து, அதே நீர் நிரப்பிய ஒரு சிறு பாத்திரத்தில் இட்டு, மெல்லிய காற்றுக் குமிழி விடுங்கள். பூஞ்சை படர்ந்து பஞ்சுபோல் ஆனவற்றை அகற்றுங்கள். நான்கைந்து நாட்களில் குஞ்சு பொரிக்கும். அடுத்த இரண்டு நாள் கருவுணவே போதும். அதன்பின் ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்கவைத்துக் கொடுக்க வேண்டும். நூறு முட்டையில் பத்துக் குஞ்சுகள் தேறினாலும் முதல்முறைக்கு அது நல்ல பலனே.

வளர்ந்த குஞ்சுகளுக்கு உங்கள் தொட்டியில் இடம் போதாது. அவற்றையும் ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம். அடுத்த தெருவில் தொட்டி வைத்திருப்பவர் இருப்பார். சபையில் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். சில கடைக்காரர்களும் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும்போது ஒரே பையில் நெருக்கி அடைக்காமல், பைக்கு மூன்று நான்காகப் பிரித்துக் கொடுங்கள். உங்கள் வடிகட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டையும் நனைந்தபடியே தனிப் பையில் இட்டு உடன் அனுப்புங்கள். அவர்கள் வெகுநாள் காத்திருக்க வேண்டியிராது.